முதுகுக்குப் பின்னால் இன்ஜின்

சோழவரத்தில் ஓடுபாதை போட்டவர்கள் அதில் கார் ஓடும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். விமானம் இறங்க ஓர் இடம் வேண்டும். செங்குன்றத்தைத் தாண்டி, ஜி.என்.டி. சாலைப் பக்கம் இருந்த சமவெளியில் 'டி' எழுத்தைப் போலப் பாதை போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, பாதை கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கிக்கொண்டது. 1980-களின் கடைசி வரை, இந்தப் பக்கத்தில் வேகமாகக் கார் ஓட்டக் கற்றவர்கள் பலரும் அங்கேதான் கற்றார்கள்.

அம்பத்தூர்க்காரர்களுக்குச் சோழவரம் பக்கத்து ஊர். ஒரகடம், கள்ளிக்குப்பம், சூரப்பட்டு, புழல் என்று சைக்கிளிலேயே போய்விடுவோம். தூரம் ஒன்று மட்டும் எங்களை அதோடு சேர்த்துவைக்கவில்லை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. அம்பத்தூரில் டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ். பிரேக், டைனமோ, சக்கரம், டயர் எல்லாம் கூப்பிடு தூரத்தில் தயாரான ஊர் இது. அந்தப் பெரிய கம்பெனிகளைச் சுற்றி லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்த சின்னப் பட்டறைகள் முளைத்தன. என்னுடையது அவற்றில் ஒன்று. வருஷம் முழுக்க ஜாப் ஆர்டருக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்துகொண்டிருந்த எங்களிடம், பொங்கல் முடிந்தால் பந்தயக்காரர்கள் வருவார்கள். ஹப் கடைய வேண்டும், வீல் ஸ்பேசர் வேண்டும், வளைந்துபோன ஸ்டியரிங் ஆர்மைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று வேண்டும். எல்லாம் மறுநாள் காலைக்குள். உடைந்த உறுப்பைக் கையில் வாங்கிப் பார்த்தே, அதை உடைத்தவன் எப்படி ஓட்டுகிறான் என்று ஊகிக்கக் கற்றது அப்போதுதான். பிற்பாடு, பந்தயப் பாதையோரம் கொடி பிடித்து நிற்கும் மார்ஷலாகவும் இருந்தேன்.

நடு இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்றைய பையன்களுக்கு ஃபெராரியும் லம்போர்கினியும் போர்ஷே கேமனும்தான் நினைவு வருகின்றன. ஓட்டுபவரின் முதுகுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் வண்டி. அதை அடக்கி ஓட்டும் வித்தை எங்கள் பக்கத்துக்கு எந்த வழியாக வந்தது, எது வந்த பிறகு கற்கிறவர்கள் பத்திரமாகக் கற்க முடிந்தது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத ஒரு சின்ன இன்ஜின்.

சோழவரத்தில் ஆரம்ப காலத்தில் ஓடியவை எல்லாம் வீட்டுக் கார்கள்தான். ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வாரம் முழுக்க ஆபீசுக்குப் போன வண்டியில் சனிக்கிழமை பம்பரைக் கழற்றி, சீட்டைக் கழற்றி, சைலன்சரைக் கழற்றிக் களத்தில் இறக்குவார்கள். எல்லாவற்றிலும் இன்ஜின் முன்னால். ஆனால் வண்டலூர் அருகே தயாரான ஹெரால்டு மட்டும் ஒரு விஷயத்தில் தனி ரகம். அதன் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தன் பாதி அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஸ்விங் ஆக்சில் என்பார்கள். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்ளே மடங்கும், பிடி அறுந்துவிடும். வண்டி தன்னையே சுற்றிக்கொண்டு நிற்கும். 1972-ல் ஸ்டாண்டர்டு கம்பெனி கெஸல் காரை இறக்கியபோது இந்த அமைப்பையே கைவிட்டு ஒற்றை அச்சுக்குப் போய்விட்டது. ஆக, நடு இன்ஜின் வண்டி எதையும் பார்ப்பதற்கு முன்பே, வளைவின் நடுவில் காலை எடுக்கக் கூடாது என்ற முதல் பாடத்தை மெட்ராஸ் பையன்களுக்கு ஹெரால்டு சொல்லிக்கொடுத்துவிட்டது. யாரும் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். "ஹெரால்டு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதே பாடத்தை ஐரோப்பா 1930-களில் பெரிய விலை கொடுத்துக் கற்றது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் 16 சிலிண்டர் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். பின் சக்கரங்களுக்கு அதே ஸ்விங் ஆக்சில். ஓட்டுநரின் இருக்கை வெகு முன்னால் இருந்ததால், பின்பக்கம் நழுவுவது அவர் உடம்புக்குத் தாமதமாகத்தான் எட்டியது. முன் இன்ஜின் கார்களில் பழகிய கைகள் அதில் திணறின. அதை வசப்படுத்திய பெர்ன்ட் ரோஸ்மையர் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்தவர். வேறு பந்தயக் கார் எதுவும் ஓட்டிப் பழகாமல் நேரே இதில் ஏறியவர். 1936-ல் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவரிடம் இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த அனுகூலம் என்று நான் நினைக்கிறேன்.

போருக்குப் பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 500 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து மலிவாக ஒரு பந்தயக் கார் செய்தார்கள். செயின் போட்டுப் பின் சக்கரத்தை ஓட்ட வேண்டும் என்பதால் இன்ஜினைப் பின்னால் வைத்தார்கள். அதற்கு மேல் அதில் பெரிய தத்துவம் இல்லை. ஆனால் அந்தக் குட்டிக் காரில்தான் ஒரு தலைமுறையே பழகியது. ஸ்டர்லிங் மாஸ் 1948-ல் அதில்தான் பந்தயத்துக்குள் நுழைந்தார். பத்து வருஷம் கழித்து, 1958 ஜனவரியில் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் அதே மாஸ், பின்னால் இன்ஜின் வைத்த கூப்பரில், தன்னைவிடப் பெரிய இன்ஜின் கொண்ட கார்களை ஜெயித்தார். 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். 1960-ல் மோன்சாவில் ஃபில் ஹில் ஃபெராரியில் ஜெயித்ததோடு ஃபார்முலா ஒன்னில் முன் இன்ஜினின் கதை முடிந்தது. கூப்பரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பது வருஷம் கழித்து நம் ஊரில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அதற்கு முன், இன்ஜின் நடுவில் இருந்தால் என்னதான் ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சிலம்பக் கம்பின் இரண்டு முனையிலும் எடையைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். கனமாக, மெல்லத் திரும்பும். அதே எடையைக் கைப்பிடி அருகே நடுவில் கட்டினால் மணிக்கட்டு அசைந்ததுமே திரும்பிவிடும். நடு இன்ஜின் காரும் அப்படித்தான். கனம் எல்லாம் மையத்தில் இருப்பதால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் திரும்புகிறது. பந்தயத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் எவ்வளவு வேகமாகத் திரும்பத் தொடங்குகிறதோ அவ்வளவு வேகமாகக் கையை மீறியும் சுழலும். முன் இன்ஜின் காரில் பின்பக்கம் நழுவினால் "ஐயோ" என்று நினைத்துத் திருத்த ஒரு மூச்சு நேரம் இருக்கும். இதில் அந்த நேரம் கிடையாது.

இன்னொன்று எடைப் பங்கு. இப்படிப்பட்ட கார்களில் சுமார் 40 பங்கு எடை முன் சக்கரங்களிலும் 60 பங்கு பின் சக்கரங்களிலும் விழும். பிரேக் போடும்போது நான்கு டயரும் சமமாக உழைக்கும், வேகம் எடுக்கும்போது பின் டயர்கள் தரையைக் கவ்வும். ஆனால் வளைவில் ஓடும்போது காலை எடுத்தால் எடை முன்னால் பாய்கிறது. பின் டயர்மீது இருந்த அழுத்தம் குறைகிறது. பின்னால் இருக்கும் அறுபது பங்கு கனமோ வளைவைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. லேசாகிப்போன டயரால் அதைத் தாங்க முடிவதில்லை.

மாருதி ஆம்னி வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், முன் அச்சுக்குப் பின்னால் இருந்து பின் சக்கரத்தை ஓட்டும். கணக்குப்படி பார்த்தால் அதுவும் நடு இன்ஜின் வண்டிதான். காலி ஆம்னியை மழையில் ஓட்டியவர்களுக்கு அதன் பின்பக்கம் எவ்வளவு லேசு என்று தெரியும்.

உண்மையான நடு இன்ஜின் பந்தயக் கார்கள் சோழவரத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தன. பணம் படைத்தவர்கள் கொண்டுவந்தார்கள். 1980-களில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. ஆனால் கற்கும் இடமாக அது எப்படி இருந்தது? நீண்ட நேர்பாதைகள், முனையில் சட்டென்று மடியும் வளைவுகள். வேகத்தின் உச்சியிலிருந்து அடியோடு பிரேக் போட்டுத் திரும்ப வேண்டும். தவறினால் காத்திருப்பது வைக்கோல் கட்டும் டிரம்மும்தான், கயிற்றுக்கு அந்தப் பக்கம் மக்கள். வண்டியோ ஒரே ஒரு தவற்றைக்கூட மன்னிக்காத வண்டி. மாற்று உதிரி கிடைக்காது என்பதால் பழகிப் பார்க்கவும் தயங்குவார்கள். வாங்கியவர் பந்தய நாளில் மட்டும் உட்காருவார், அன்றைக்கே வேகமும் காட்டுவார். என் பட்டறைக்கு வந்த முறிந்த ஆர்ம்களில் பெரும்பாலானவை பின்பக்கத்தவை. வண்டி சுழன்று பின்னால் போய் மோதியதற்கு அதுவே சாட்சி.

இதை மாற்றியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்து, சோழவரத்தில் தானே ஓடி ஜெயித்தவர். கையால் வேலை செய்யத் தெரிந்தவர். எங்களைப் போன்ற லேத்துக்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே போதும். சின்னப் பையன்கள் வாங்கக்கூடிய விலையில், உள்ளூர் உதிரியில் ஓடும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வேண்டும் என்று அவர் நினைத்தார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்திருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதுக்கும் சற்றுக் குறைவான குதிரைத்திறன். அந்தக் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே பொட்டலமாக, குறுக்கு வாட்டில், முன் சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால், முன்சக்கர வண்டியின் உள்ளுறுப்பு பின்சக்கர வண்டியின் உள்ளுறுப்பாகிவிடுகிறது. நடு இன்ஜின் கார் தயார். ஃபார்முலா மாருதி பிறந்தது இப்படித்தான்.

உலகத்தில் எளியவனுக்கு எட்டிய நடு இன்ஜின் கார்கள் பலவும் இந்தச் சூத்திரத்தில்தான் வந்தன. 1972-ல் ஃபியட் எக்ஸ்1/9 தன் வீட்டுக் காரான 128-ன் இன்ஜினை இப்படி இடம் மாற்றியது. 1984-ல் டொயோட்டா எம்.ஆர்.2 கொரோலாவின் உறுப்புகளை வைத்துச் செய்தது. ஆனால் அவை ரோட்டில் ஓடும் கார்கள். கரிவரதன் செய்தது பள்ளிக்கூடத்தை. இப்படிச் சொல்வதில் மிகை இல்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வாங்கிவரலாம். ஆர்ம் வளைந்தால் அம்பத்தூரில் செய்துகொள்ளலாம். பழகப் பயம் இல்லை. வண்டியைச் சுழலவிட்டுக் கற்றுக்கொள்ள முடிந்த முதல் தலைமுறை அதுதான்.

காரும் இடமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்து சேர்ந்தது நம் அதிர்ஷ்டம். சோழவரம் போதாது என்று முடிவுசெய்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பெங்களூர் நெடுஞ்சாலையில் சொந்தமாக ஒரு டிராக் அமைத்தது. பூந்தமல்லியைத் தாண்டி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், பாப்பான்சத்திரம், பிறகு இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் அங்கே பந்தயம் தொடங்கியது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஹூண்டாய் தொழிற்சாலை அந்தப் பக்கம் கார் செய்யத் தொடங்கியது அதற்கெல்லாம் பிறகு, 1998-ல். ஓடுபாதைக்கும் டிராக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பாதைக்கு வெளியே இருப்பதைத்தான் காட்டுவேன். வழி தவறிய வண்டி மோதாமல் வேகம் இழக்க வெற்றிடம் இருக்கிறது, டயர் சுவர் இருக்கிறது, ஒவ்வொரு வளைவையும் பார்த்தபடி ஒருவன் கொடியோடு நிற்கிறான். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தளம் வழுக்கும். சிவப்பு என்றால் எல்லாம் நிறுத்தம். சோழவரத்திலும் கொடி இருந்தது. ஆனால் கொடியைப் பார்த்து வேகம் குறைத்தவனுக்குப் போய் ஒதுங்க இடம் இங்கேதான் கிடைத்தது.

அந்த டிராக்கில்தான், பதினைந்து வயதில், நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயம் ஓடி, முதல் மூவரில் ஒருவராக வந்தார். 1992-ல் பிரான்சில் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயிற்சி. திரும்பி வந்து 1993-ல் மறுபடி ஃபார்முலா மாருதி. 2005-ல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். சென்னைப் பையன் கருண் சந்தோக்கும் இதே ஏணியில் ஏறியவர். அவர் தாத்தா இந்து சந்தோக் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2010-ல் கருணும் ஃபார்முலா ஒன்னில் இருந்தார். உலகின் உச்சியில் ஓடிய இரண்டு இந்தியர்களும், இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டும் பழக்கத்தை நாற்பது குதிரைத்திறனில் ஆரம்பித்தவர்கள். இதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

ஏனென்றால் அந்தச் சின்ன இன்ஜின், பெரிய இன்ஜின் தண்டிக்கும் தவறுகளை எல்லாம் மெதுவாகச் செய்து காட்டும். சக்தி குறைவு என்பதால் ஆக்சிலேட்டரை மிதித்து வேகத்தைத் திரும்பப் பெற முடியாது. வளைவில் இழந்த வேகம் இழந்ததுதான். அதனால் பையன்கள் வேகத்தை வளைவுக்குள் கொண்டுபோகக் கற்றார்கள். எந்த இடத்தில் பிரேக், எந்த இடத்தில் விடுவது, எந்த இடத்தில் காலை மறுபடி வைப்பது என்று அளந்து அளந்து ஓட்டினார்கள். காலைத் தவறான நேரத்தில் எடுத்தால் இதுவும் சுழலும். ஆனால் சுழலும் வேகத்தில் உயிருக்கு மோசமில்லாமல் நிற்கும். இறங்கி யோசிக்க முடியும்.

ஒரு பயிற்சி நாளில் இப்படிச் சுழன்று புல்லில் நின்ற வண்டியை நான் போய்த் தள்ளிவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிய பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

"அண்ணே, யாரோ பின்னாடி பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சுண்ணே."

"உள்ள போனதும் கால எடுத்தியா தம்பி?"

"ஆமா. ஸ்பீடு ஜாஸ்தின்னு தோணுச்சு."

"தோணுறது திரும்புறதுக்கு முன்னாடி தோணணும். திரும்பினப்புறம் தோணினா கால அசைக்காம அப்படியே வச்சிரு."

சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் கால்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

கொடி பிடித்து நின்றபடி பார்த்ததையும், கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லக் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நடு இன்ஜின் வண்டியை முதல்முதல் ஓட்ட வருகிறவனை வேகத்திலிருந்து தொடங்கவிட மாட்டார்கள். முதலில் உட்காருவது. முதுகு முழுக்க இருக்கையில் ஒட்டியிருக்க வேண்டும். கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் மடிந்திருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். வண்டி நழுவுவதை முதலில் உணர்வது இடுப்பும் முதுகும்தான். இருக்கையில் இடைவெளி இருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது.

பிறகு டிராக்கை நடந்தே சுற்றுவது. காரில் போகும்போது தட்டையாகத் தெரியும் இடம் நடக்கும்போது சரிவாக இருப்பது தெரியும். எங்கே மணல் அடித்துக்கிடக்கிறது, எங்கே பழைய எண்ணெய்க் கறை என்பது கண்ணில் படும். அடுத்தது மெதுவாக ஓட்டி, நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடிக்கப் பழகுவது. வண்டி நேராக இருக்கும்போது பிரேக் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். திரும்பும்போது காலை பிரேக்கிலிருந்து மெல்ல, நூல் விடுவதுபோல விட வேண்டும். இந்த இடத்தில்தான் நடு இன்ஜின் வண்டிக்கே உரிய இன்னொரு குணம் வரும். முன்பக்கம் லேசு என்பதால், பிரேக்கை முழுக்க விட்டுவிட்டு வேகமாகத் திருப்பினால் மூக்கு திரும்பாமல் நேரே போகும். புதியவன் பயந்து இன்னும் திருப்புவான். போதாது என்று காலையும் எடுப்பான். அப்போது எடை முன்னால் வரும், முன் டயருக்குத் திடீரென்று பிடி கிடைக்கும், ஏற்கெனவே அதிகமாகத் திருப்பியிருக்கும் ஸ்டியரிங் வண்டியைச் சுழற்றிவிடும். முதலில் திரும்பாத வண்டி, அடுத்த கணம் தேவைக்கு மேல் திரும்பிவிட்டது என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே தவற்றின் இரண்டு பாதிகள்.

நழுவத் தொடங்கிவிட்டால்? கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்தால் கை சுவருக்குத்தான் கொண்டுபோகும். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கை விரைவாக, கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். வண்டி நேராகத் தொடங்கியதும் அதே விரைவில் திருப்பியதை மீட்க வேண்டும். மீட்கத் தாமதித்தால் மறுபக்கம் அடித்துக்கொண்டு போகும். நிறைய வண்டிகள் சுவரில் மோதியது இந்த இரண்டாவது அடியில்தான். காப்பாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அடியோடு அழுத்திவிடு என்பதுதான் எல்லா ஆசிரியர்களும் சொன்னது. சக்கரம் பூட்டிய வண்டி பெரும்பாலும் தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே சறுக்கும். மற்றவர்கள் விலகிப்போக அது உதவும்.

இந்தப் படியில் ஏறியவர்களுக்கு அடுத்தடுத்த படிகளும் இங்கேயே அமைந்தன. 1300 சிசி ஸ்விஃப்ட் இன்ஜின் வைத்த எல்ஜிபி ஃபார்முலா 4, பிறகு எம்.ஆர்.எஃப்.பின் 1600 சிசி, 2 லிட்டர் கார்கள். மிக் ஷூமாக்கர் 2016-17 எம்.ஆர்.எஃப். சேலஞ்சில் ஓட இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார். 2019 பிப்ரவரியில் இங்கிலாந்துப் பெண் ஜேமி சாட்விக் அந்த சேலஞ்சின் சாம்பியன் பட்டத்தை இந்த டிராக்கில்தான் வென்றார். கரிவரதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த டிராக்குக்கு அவர் பெயர்.

டிராக் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். 2023 ஜனவரியில், பல வருஷம் பந்தயம் ஓடிய கே.இ. குமார், 59 வயதில், இதே இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத்தில் மோதி இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இரண்டும் நடு இன்ஜின் கார் அல்ல. ஆனால் அங்கே போய் நிற்கும் எவருக்கும் அந்த இரண்டு மரணமும் மனதில் வராமல் இராது. அந்தச் சிறுவனை நினைக்கும்போது, எந்த வயதில் எந்தப் படியில் ஏற்றுவது என்ற கேள்விக்கு இன்னும் கடுமையான பதில் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. படியைத் தாண்டி ஏறுவதற்கு எதிராகத்தான் நான் இதுவரை சொன்னதெல்லாம்.

இன்று நிலைமை தலைகீழ். ஃபார்முலா மாருதியில் தொடங்கி மேலே ஏற வேண்டியதில்லை. பணம் இருந்தால் முதல் காரே முந்நூறு, நானூறு குதிரைத்திறனோடு நடு இன்ஜின் காராக வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் சாலையில் அவை போகும் சத்தம் கேட்கிறது. அந்தக் கார்களில் வண்டி நழுவுவதை உணர்ந்து தானே தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் போடும் கருவி இருக்கிறது. அது மிக நல்ல கருவி. அதை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் வீரம் என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் அந்தக் கருவியும் டயருக்கு இருக்கும் பிடியைத்தான் பங்கிட்டுத் தரும், இல்லாத பிடியை உண்டாக்காது. நெடுஞ்சாலையில் வெற்றிடம் இல்லை, கொடி பிடிப்பவன் இல்லை, எதிரே டிராக்டரும் எருமையும் வரும். அதனால் அந்தக் காரை முதலில் டிராக்குக்குக் கொண்டுவாருங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். பயிற்சி நாட்களில் பணம் கட்டி, சொல்லிக்கொடுப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கருவியை அணைக்காமல், முதல் நாள் முழுக்க மூன்றாவது கியரைத் தாண்டாமல் ஓட்டுங்கள். முடிந்தால் அதற்கு முன் ஒரு சீசன் எல்ஜிபி ஃபார்முலா 4-ல் பழகுங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

வருவதற்கு முன் டயரைப் பாருங்கள். இப்படிப்பட்ட கார்கள் வருஷத்தில் பாதி நாள் உறையைப் போர்த்தி நிற்பவை. பள்ளம் தேயாமல் புதிது போலவே தெரியும். ஆனால் சென்னை வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரத்தில் செய்தது. பின் டயரில் அந்த எண் ஆறு வருஷத்துக்கு முந்தியதாக இருந்தால், டயரை மாற்றிவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.